ஆவடிப் பரணிலிருந்து ஒரு லடாக் செடி

பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆவடி வீட்டுப் பரணில் கிடந்த அவருடைய கறுப்பு ட்ரங்குப் பெட்டியை இந்த ஆகஸ்டில்தான் இறக்கினோம். கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் பரணைக் காலி பண்ண வேண்டும் என்று பெரியம்மா போன் பண்ணியிருந்தார். "உங்க பெரியப்பா காயவெச்ச புல்லுக்கட்டு ஒண்ணு அதுல கெடக்கு. உனக்குத்தான் அந்தப் பைத்தியம் இருக்கே, எடுத்துட்டுப் போயிடுடா" என்றார்.

அந்தப் பைத்தியம் இருப்பது உண்மைதான். காலிமனைகளிலும் ரயில்பாதை ஓரங்களிலும் முளைக்கிற களைச்செடிகளைப் பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் பொருத்தி வைக்கிறேன். நூற்றுச் சொச்சம் ஹெர்பேரியம் தாள்கள் என் அலமாரியில் இருக்கின்றன. பெரியப்பாவுக்கும் இது இருந்தது எனக்குத் தெரியாது. அவர் ராணுவத்தில் சப்ளை லாரி ஓட்டியவர். 1985 அக்டோபரிலிருந்து 1987 செப்டம்பர் வரை லடாக்கில், லே ஊரில் இருந்தார் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியில் ஒன்பது செய்தித்தாள் மடிப்புகள். சணல் கயிறு போட்டு, மேலும் கீழும் பிளைவுட் துண்டு வைத்துக் கட்டியிருந்தார். கட்டிய விதத்தைப் பார்த்தால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பிரித்தால் முதல் மடிப்பிலேயே காபிப்பொடி மாதிரி மெல்லிய தூள். இந்தத் தூளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். சிகரெட் வண்டு. மல்லித்தூளிலும் மிளகாய்த்தூளிலும் வருகிற அதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பழுப்பு வண்டுதான். உலர்ந்த செடியும் அதற்குச் சாப்பாடுதான். ஐந்து மடிப்புகளில் செடி உருப்படியாக இருந்தது. மற்ற நான்கில் காம்பும் தூளும்தான்.

நான்காவது மடிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு சாண் உயரச் செடி, கட்டை விரல் பருமனில் வேர். வேரைச் சுற்றிச் செய்தித்தாள் முழுக்கக் கருஞ்சிவப்பாகக் கறை ஏறியிருந்தது. கறை நான்கு தாள் தாண்டிப் போயிருந்தது. இலையை நகர்த்தப் போனவன் விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. வெள்ளை முடிகள். நாற்பது வருடம் ஆகியும் கூர் மழுங்காத முடி.

பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேம்பாளம்பட்டை மாதிரி இல்ல இருக்கு" என்றார்.

அந்த வார்த்தைதான் வேலையைத் தொடங்கி வைத்தது. நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை என்று கேட்டால் கருநீலச் சிவப்பில், ஏடு ஏடாக உரிகிற ஒரு பட்டை தருவார்கள். தேங்காயெண்ணெயில் போட்டால் எண்ணெய் ரத்தச் சிவப்பாகும், தலைக்குத் தேய்ப்பார்கள். நம்மூர் வேம்பாடம் என்பது ஒரு கொடி. அதன் தாவரப் பெயர் வென்டிலாகோ மதராஸ்படானா, பெயரிலேயே நம் மதராசப்பட்டணம் இருக்கிறது. அதன் வேர்ப்பட்டையிலும் சிவப்புச் சாயம் உண்டு. ஆனால் நான் கடையில் வாங்கிவந்த பாக்கெட்டில் இருந்தது அந்தக் கொடியின் பட்டை மாதிரித் தெரியவில்லை. வடக்கே ரத்தன்ஜோத் என்று விற்கிற மலைச்செடி வேரைப் போலவே இருந்தது. காஷ்மீரில் ரோகன் ஜோஷுக்குச் சிவப்பு ஏற்றுவதும் ரத்தன்ஜோத்தான். பாக்கெட்டில் இருந்ததையும் பெரியப்பாவின் வேரையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி.

மடிப்பில் கொட்டிக் கிடந்த வேர்த்துணுக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். செடியில் கை வைக்கவில்லை. ஒன்றைத் தண்ணீரில் போட்டேன், ஒன்றைத் தேங்காயெண்ணெயில். தண்ணீர் அரை மணி நேரம் கழித்தும் தண்ணீராகவே இருந்தது. எண்ணெயில் ஐந்து நிமிடத்தில் சிவப்பு நூல் நூலாக இறங்கியது. ரத்தன்ஜோத் சாயம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. பின்னால் இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வேலை வண்டைக் கொல்வது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எனக்கு இந்த விஷயத்தில் குரு. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "மோந்து பார்த்தீங்களா?" இல்லை என்றேன். "பார்க்காதீங்க." பழைய கல்லூரித் தாள்களையெல்லாம் பூச்சி அரிக்காமலிருக்க வீரம் கரைத்த சாராயத்தில் முக்கி எடுப்பார்களாம். வீரம் என்றால் பாதரச விஷம். சித்த மருந்தில் சுத்தி செய்து சேர்ப்பார்களே, அதே வீரம். பெரியப்பாவின் கட்டில் அது இருக்க வாய்ப்பில்லை, இருந்திருந்தால் வண்டு வந்தே இருக்காது. ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டேன்.

விஷம் வேண்டாம், குளிரே போதும் என்பது இப்போதைய வழக்கம். கழித்தல் 18 டிகிரிக்கோ அதற்குக் கீழோ ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் முடிந்துவிடும். வீட்டு ஃப்ரீசர் அந்த அளவுக்குப் போகிறதா என்று முதலில் ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துக்கொண்டேன். வஞ்சிரத் துண்டுகளுக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னதில் வீட்டில் ஒரு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இங்கேதான் சறுக்கினேன். நல்லவேளையாக, முதலில் வைத்தது இந்தச் செடியை அல்ல, முள்ளும் கிளையுமாக இருந்த ஒரு சீபக்தார்ன் மடிப்பை. எட்டாம் நாள் எடுத்து, ஆர்வக்கோளாறில் அங்கேயே பாலிதீன் உறையைப் பிரித்துவிட்டேன். குளிர்பானப் பாட்டிலை வெளியே வைத்தால் என்ன ஆகும்? அதேதான். இரண்டு நிமிடத்தில் செய்தித்தாள் நனைந்து தொய்ந்துவிட்டது. விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் இலைகளின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை. லேயில் வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400. அந்தச் செடி வாழ்நாள் முழுக்கப் பார்க்காத ஈரத்தை ஒரே ராத்திரியில் நான் காட்டிவிட்டேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். மடிப்பை இரண்டு உறைகளில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ஒட்டி, ஃப்ரீசரில் பத்து நாள். நடுவில் ஒரு மின்வெட்டு, அதனால்தான் ஏழு பத்தானது. வெளியே எடுத்ததும் உறையைத் தொடாமல் மேசையில் முழுதாக ஒரு நாள். வெளிப்புறத்தில்தான் நீர் கோத்தது. அதைத் துடைத்துவிட்டு, உள்ளே அறைச்சூடு வந்தபின் பிரித்தேன். அப்படியும் ஒரு மூலையில் லேசாக ஈரம் பட்டிருந்தது. வேரில் பட்ட இடத்தில் சாயம் கசியுமோ என்று பயந்தேன், கசியவில்லை. சொன்னேனே, அது தண்ணீருக்கு அசையாத சாயம். தாளில் இருந்த பழைய கறை, வேரின் பிசினே அழுத்தத்தில் இறங்கியதாக இருக்க வேண்டும்.

உலர்த்தத் தேவை ஒரு சூட்டுப்பெட்டி. அட்டைப்பெட்டியில் மேலே ஓட்டை, அடியில் 40 வாட் குண்டு பல்பு, நடுவில் கம்பி வலை. சுலபம்தான். குண்டு பல்பு கிடைப்பதுதான் சுலபமில்லை. எல்இடி சுடாது. மூன்று எலக்ட்ரிக் கடை ஏறி இறங்கி, நான்காவதில் சாமி மாடத்துக்கு வாங்குகிறார்கள் என்று இரண்டு வைத்திருந்தார்கள்.

செடி என்ன என்று நிச்சயம் பண்ண ஒரே ஒரு பூவைப் பலி கொடுத்தேன். கொதிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, உதிர்ந்து கிடந்த பூ ஒன்றைப் போட்டால் அது மெல்ல விரிந்து கொடுக்கும். நாற்பது வருடத்துப் பூ தண்ணீர் குடித்து நிமிர்வதை 10 மடங்கு லென்ஸில் பார்ப்பது தனி சுகம். ஒல்லியான நீளக் குழாய், நுனியில் ஐந்து இதழ்கள் விரிந்திருந்தன. ஊசியால் குழாயைக் கிழித்தேன். மகரந்தப்பைகள் தனித்தனியாக, குழாயின் வாயிலேயே இருந்தன. ரத்தன்ஜோத் என்ற பெயரில் போகிற இன்னொரு செடியான ஓனோஸ்மாவில் அவை அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இதழும் இப்படி விரியாது. சூல்தண்டு குட்டை, பாதிக் குழாயோடு நின்றுவிட்டது. இந்த இனத்தில் சில செடிகளில் தண்டு நீளமாகவும் மகரந்தப்பை கீழேயும் இருக்கும், சிலவற்றில் நேர்மாறாக. பெரியப்பா பறித்தது குட்டைத்தண்டுக்காரி. காய்ந்த பூவின் அடியில் நான்கு சிறு கொட்டைகள். கழுதைத்தும்பையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நான்கும் தெரியும், அந்தச் சொரசொரப்பு முடியும் தெரியும். நம்மூர்த் தேள்கொடுக்கும் கழுதைத்தும்பையும் இதுவும் ஒரே குடும்பம்.

ஆர்னீபியா யூக்ரோமா. தாவரவியலாளர் ராயில் முதலில் வேறு பேரினத்தில் வைத்தது, 1924-இல் ஜான்ஸ்டன் என்ற இன்னொருவர் ஆர்னீபியாவுக்கு மாற்றினார். லடாக்கில் டெமோக் என்கிறார்கள். மேற்கு இமயத்தின் வறண்ட பக்கத்தில், கல்லும் மணலுமான சரிவுகளில் வரும். வேருக்காகவே பிடுங்கப்படுகிற செடி, அதனால் பல இடங்களில் அருகிவிட்டது. டீச்சருக்குப் படம் அனுப்பினேன். பழைய ஹெர்பேரியத் தாள்களின் ஸ்கேன் படங்களோடு ஒப்பிட்டுவிட்டு, "சரிதான்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இதுவரை செய்தது மூன்று வார வேலை. அடுத்த ஒன்றரை மாதம் போனது ஒரு சிகரெட் அட்டையில்.

மடிப்புக்குள் ஒரு துண்டு இருந்தது. சார்மினார் பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் நீல பால்பாயிண்டில் எழுதியது: "லே – கே.லா ரோடு. 14. இடது சரிவு. ஜூலை 2வது ஞாயிறு. வேர் கையில ஒட்டுது. டாப் 18380."

கே.லா என்றால் லேக்கு மேலே இருக்கிற கர்துங் லா மலைக்கணவாய், டாப் என்றால் அதன் உச்சி. செடி இல்லாத லேபிளால்கூட ஏதாவது உபயோகம் உண்டு, லேபிள் இல்லாத செடி சருகு. இந்தத் துண்டு இருந்ததால்தான் எனக்கு இவ்வளவு பாடும் பட மனம் வந்தது. ஆனால் பாருங்கள், வருடம் இல்லை. 14 என்றால் எங்கிருந்து 14 என்று இல்லை. பூவின் நிறமும் இல்லை. உலர்ந்தால் முதலில் போவது நிறம்தான், எழுதியே ஆக வேண்டியதும் அதுதான். அவர் வேரைத்தான் பார்த்திருக்கிறார்.

வருடத்துக்கு வருவோம். லேயில் அவர் இருந்த காலத்தில் ஜூலை இரண்டு முறை வந்திருக்கிறது, 1986 மற்றும் 1987. மடிப்பின் செய்தித்தாள் தினத்தந்தி, 1986 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. லேயில் ஏது தினத்தந்தி? பெரியம்மாதான் சொன்னார்: முறுக்கும் பருப்புப்பொடியும் டப்பாவில் போட்டு, பேப்பர் சுற்றி, 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் விலாசத்துக்குப் பார்சல் அனுப்புவாராம். ஆக, ஜூன் 3-க்கு முன்னால் அழுத்தியிருக்க முடியாது. ஆனால் பழைய பேப்பரை ஒரு வருடம் வைத்திருந்து 1987-இல் பயன்படுத்தியிருக்கலாமே? ராணுவத்தில் ஒருவர் பேப்பரை எறிவாரா?

இதைப் பெரியம்மாவிடம் கேட்டதும், "எண்பத்தேழு ஜூலையிலயா? இங்கதானே இருந்தாரு. சின்னவ பொறந்தப்போ லீவுல வந்திருந்தாரே" என்றார். ஞாபகம் ஞாபகம்தான், சான்று ஆகாது என்று நான் இழுத்தேன். முறைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து மடியில் போட்டார். தங்கையின் பிறப்புக் காகிதங்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டில் பெரியப்பாவின் கையெழுத்து, 13.7.87. அது திங்கட்கிழமை. 1987-இல் ஜூலை இரண்டாம் ஞாயிறு 12-ஆம் தேதி. ஞாயிறு கர்துங் லா சரிவில் செடி பறித்தவர் திங்கட்கிழமை ஆவடியில் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அப்படியென்றால் 1986. அந்த வருடம் இரண்டாம் ஞாயிறு ஜூலை 13. ஒரு காட்டுப்பூவின் தேதியை ஒரு பிரசவ வார்டு சீட்டு தீர்த்துவைத்தது.

இடம் அவ்வளவு சுலபமாகப் படியவில்லை. லேயிலிருந்து கர்துங் லா கணவாய் வரை சாலை சுமார் 39 கி.மீ. 14 என்பது லேயிலிருந்து ஏறும்போது பதினான்காவது கல்லா, உச்சிக்கு இன்னும் 14 என்று காட்டும் கல்லா? முதலாவது என்றால் ஓரிடம், இரண்டாவது என்றால் சாலையில் 11 கி.மீ. தள்ளி. பத்து நாள் செயற்கைக்கோள் படத்தில் வளைவு வளைவாக ஏறி இறங்கினேன். "இடது சரிவு" இரண்டுக்கும் பொருந்துகிறது. சாலை பாம்பாக நெளிவதால் நேர்க்கோட்டில் இரண்டு இடத்துக்கும் தூரம் குறைவுதான், ஆனால் உயரம் மாறிவிடும்.

உயரத்தில் இன்னொரு பொறி. "டாப் 18380" என்கிறார். அந்தக் கணவாயின் உயரம் 18,380 அடி என்று வெகுகாலம் பலகையிலேயே எழுதியிருந்தார்கள். உலகத்திலேயே உயரமான சாலை என்று படம் எடுத்துக்கொள்ளாத ஆள் இல்லை. பிறகு ஜிபிஎஸ் வைத்து அளந்தால் 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். கிட்டத்தட்ட 800 அடி புகழ் அதிகம். லே சுமார் 3,500 மீட்டர். சாலை ஒரே சீராக ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் கி.மீ.க்கு 48 மீட்டர். லேயிலிருந்து 14 என்றால் 4,170 மீட்டர் அளவில், உச்சிக்குக் கீழே 14 என்றால் 4,690 அளவில். பலகையை நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் இந்த இரண்டாவது எண் இன்னும் 150 மீட்டர் மேலே ஏறியிருக்கும்.

சரி, முடிவாக என்ன செய்தேன்? ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி வைக்கத்தான் கை துறுதுறுத்தது. டீச்சர் தடுத்தார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா, அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் அந்தப் புள்ளிக்குப் போய்த் தேடுவாங்க." ஆகவே, இரண்டு இடத்துக்கும் நடுவில் புள்ளி, பிழை ஆரம் (நிஜ இடம் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம் என்பது) 5,000 மீட்டர், உயரம் 4,100 முதல் 4,700 வரை. துண்டில் இருந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல் அப்படியே லேபிளிலும் ஏற்றினேன். சேகரிப்பு எண் அவர் கொடுக்கவில்லை, நானும் இட்டுக்கட்டவில்லை, "எண் இல்லை" என்றே போட்டேன். பூவின் நிறம்: குறிப்பில் இல்லை.

தாள் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே அமிலமில்லாத தாள் என்று கேட்டதும் கடைக்காரர், "ஆசிட்டா? நாங்க ஆசிட்லாம் போட மாட்டோம் சார்" என்றார். கடைசியில் பருத்திக் கூழில் செய்த கெட்டித் தாள் கிடைத்தது. 42-க்கு 28 சென்டிமீட்டராக அங்கேயே வெட்டித் தந்தார்கள்.

ஒட்டுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஃபெவிகால் போட்டால் பிறகு யாராலும் செடியைத் திருப்பிப் பார்க்க முடியாது. மைதாப் பசை வண்டுக்கு விருந்து. இலைகளுக்கும் தண்டுக்கும் மெல்லிய காகிதப் பட்டைகளை மேலே போட்டு, பட்டையின் இரு முனைகளில் மட்டும் மெத்தில் செல்லுலோஸ் தொட்டேன், செடியில் பசை படவே இல்லை. வேர்தான் தொல்லை. பருமனாக இருப்பதால் தாள் தூக்கிக்கொள்கிறது. வெள்ளைப் பருத்தி நூலால் நான்கு இடத்தில் தைத்தேன், ஒவ்வொரு முடிச்சும் தாளின் பின்பக்கம், அதன் மேல் சிறு காகித ஒட்டு. இரண்டாவது தையலில் ஊசி வேரில் உரசி, ஒரு ஏடு பட்டை உரிந்து விழுந்தது. அடியில் புதிதாக அறுத்த பீட்ரூட் மாதிரிப் பளிச்சென்று சிவப்பு. உரிந்த ஏடு, கொட்டைகள், கிழித்த பூ எல்லாவற்றையும் காகித உறையாக மடித்து மேல் வலது மூலையில் வைத்தேன். சார்மினார் துண்டுக்குத் தனி உறை. கறை படிந்த தினத்தந்தித் தாளின் தேதிப் பகுதியும் அதோடு போகிறது.

தாள் சென்னையில் இருக்கக்கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். இந்தக் காற்றில் என் களைச்செடிகளுக்கே வருடா வருடம் காவல் காக்க வேண்டியிருக்கிறது. லடாக் செடிகளைத் தேடுபவர்கள் பார்க்கிற இடம் டேராடூன் ஹெர்பேரியங்கள். மழை விட்டதும் அங்கே எழுதி, எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்க வேண்டும். அதுவரை சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் கிடக்கிறது. மிச்சம் நான்கு மடிப்புகள், இரண்டில் துண்டே இல்லை.

போன ஞாயிறு லேபிளை அச்சடித்து ஆவடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "சேகரித்தவர்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஹவில்தார்னு போட்டிருக்க. அப்போ அவரு நாயக்தான். ஹவில்தார் ஆனது எண்பத்தெட்டுல."

லேபிளை மறுபடியும் அடித்திருக்கிறேன்.